டேப்புக்கு அடியில் ஒரு மேகம்

நாத்தனார் வாயால் அண்ணிக்கு நல்ல பேர் கிடைக்காது என்பார்கள். கிடைக்காதுதான். ஆனால் எங்கள் அண்ணியைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை. அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எழுதச் சொன்னால் டீசல் ரசீதின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதுவான், ஐந்தாவது வரியில் தூங்கிவிடுவான். ஆகவே நானே எழுதுகிறேன். இந்தக் கதையில் நானும் ஒரு குற்றவாளி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எப்படியும் பின்னால் தெரியத்தான் போகிறது.

எங்கள் ஊர்க் கோளரங்கத்தில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு கூரை, அதன் கீழே நூற்றிருபது சாய்வு நாற்காலிகள், நடுவில் ஓர் இயந்திரம். விளக்கை அணைத்து இயந்திரத்தை முடுக்கினால் கூரை முழுக்க நட்சத்திரம். பகல் பதினோரு மணிக்கே இரவைக் கொண்டுவந்து காட்டுகிற இடம் ஊரில் இது ஒன்றுதான். அந்த இயந்திரத்தை நாங்கள் உருண்டை என்போம். ஆளுயர இரும்புக் காலின் மேல், லாரி டயர் அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை. அதன் உடம்பெங்கும் சின்னச் சின்ன லென்ஸ்கள், உள்ளே விளக்கு. எந்த லென்ஸ் எந்த நட்சத்திரத்தைக் கூரையில் போடுகிறது என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் அண்ணி.

அண்ணி அதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினோரு வருடம் லென்ஸ் தேய்த்தவள். கோளரங்கத்தில் ஆள் தேவை என்று பலகை வைத்த அன்றே நான் ஓடிப்போய்ச் சொன்னேன். நல்லெண்ணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குத் துணை வேண்டும், பேருந்தில் இடம் பிடிக்க ஆள் வேண்டும், அதுதான் விஷயம். அவள் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்றுவரை பேருந்தில் எனக்காக அவள் ஒரு நாளும் இடம் பிடித்ததில்லை. ஏறியவுடன் ஜன்னலைத் துடைக்கப் போய்விடுவாள்.

துடைப்பதுதான் அவளுக்கு மூச்சு. எங்கள் வீட்டு ஜன்னலில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் பால்காரர் ஒருமுறை கையை நீட்டி விரலை இடித்துக்கொண்டார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் தட்டைத் துடைப்பாள் என்று நான் வெளியில் சொல்வது கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான். கோளரங்கத்திலும் வாரம் ஒருமுறை உருண்டையின் லென்ஸ் ஒவ்வொன்றையும் மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பாள். எங்கள் வானத்தில் மங்கலான நட்சத்திரம் என்று ஒன்று கிடையாது என்று பெருமையாகச் சொல்வாள். நானும் அதைப் பெருமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காட்சி நேரத்தில் அவள் பின்னால் இருக்கிற மேசையில் உட்கார்ந்து குமிழ்களைத் திருகுவாள். வாயே திறக்கமாட்டாள். நீங்களும் நாலு வார்த்தை பேசலாமே என்று ஒரு நாள் கேட்டேன்.

"பேசுறதுக்கு ஆள் இருக்கு பாப்பா. தெரிய வைக்கிறதுதான் என் வேலை" என்றாள்.

நாற்பத்திரண்டு வயதிலும் அவளுக்கு நான் பாப்பாதான். அவள் கல்யாணமாகி வந்தபோது நான் இரட்டைச் சடை போட்டிருந்தேன், அதோடு கணக்கை நிறுத்திவிட்டாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், காட்சியில் பேசிக்கொண்டிருந்த பழைய விரிவுரையாளர் ஓய்வுபெற்று, புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தார். அதற்கு முன் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் டீச்சர். பழையவர் முப்பது வருடம் ஒரே காட்சியை ஓட்டினார். நம் ஊரிலிருந்து என்ன தெரியுமோ அது மட்டும். உருண்டையைச் சாய்த்தால் வேறு ஊர்களின் வானமும் தெரியும், ஆனால் அது சாயும்போது அவருக்குத் தலை சுற்றும், ஆகையால் சாய்த்ததே இல்லை. டீச்சருக்குத் தலை சுற்றாது. வந்த மாதமே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புதுக் காட்சி எழுதினார். தலைப்பு, 'நம்ம பக்கத்து வீட்டு மேகம்'.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒத்திகை. கேட்க ஆள் வேண்டுமே என்று என்னையும் மேலாளரையும் முன்வரிசையில் உட்கார வைத்தார். மேலாளர் எதைப் பேசினாலும் சுற்றறிக்கை படிப்பது போலவே இருக்கும் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் சுற்றறிக்கை. அது அவருக்கும் தெரியும். ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்.

விளக்கு அணைந்தது. டீச்சர் பிள்ளைகளிடம் பேசுவது போலவே ஆரம்பித்தார்.

"நம்ம சூரியன் ஒரு நட்சத்திரம். அதை மாதிரி பத்தாயிரம் கோடிக்கும் மேல நட்சத்திரங்க ஒண்ணா சேர்ந்து இருக்கிற பெரிய கூட்டத்துக்குப் பேரு பால்வெளி. அதான் நம்ம ஊரு. பெரிய ஊருன்னா பக்கத்துல சின்னச் சின்னக் கிராமம் இருக்குமில்ல? அதே மாதிரி பால்வெளியைச் சுத்தியும் சின்ன நட்சத்திரக் கூட்டங்க இருக்கு. துணைத் திரள்னு சொல்லுவாங்க. நிலா எப்படி பூமியோட இழுப்புக்குக் கட்டுப்பட்டிருக்கோ, அதே மாதிரி இதுங்களும் பால்வெளியோட இழுப்புக்கு உள்ள இருக்கு. அதுல ரெண்டை வெறும் கண்ணாலயே பாக்கலாம். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. பாக்க மேகத் துண்டு மாதிரி இருக்கும், ஆனா காத்தடிச்சாலும் கலையாது. ஒரு மாலுமியோட பேரை வச்சு மெகல்லன் மேகங்கள்னு கூப்பிடுறாங்க."

எனக்கே சுவாரசியமாகிவிட்டது. இருபது வருடமாக வாசலில் டிக்கெட் கிழிக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கிறார்களா?

"நம்ம கதை சின்ன மேகத்தைப் பத்தினது. அதுல நூறு கோடிக்கு மேல நட்சத்திரம் இருக்கலாம்ங்கிறாங்க, முந்நூறு கோடின்னு சொல்றவங்களும் உண்டு. நிலாவுல இருந்து வெளிச்சம் இங்க வர ஒண்ணேகால் வினாடி. சூரியன்ல இருந்து எட்டு நிமிஷம். இந்தச் சின்ன மேகத்துல இருந்து வர ரெண்டு லட்சம் வருஷம். இன்னிக்கு நம்ம கண்ணுல படுற வெளிச்சம், மனுஷன் எழுதப் படிக்கத் தெரிஞ்சுக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே அங்கேருந்து கிளம்பிடுச்சு. இன்னொரு விஷயமும் சொல்றேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா, தொலைநோக்கியில படம் பிடிச்ச கண்ணாடித் தட்டுகளை ஒண்ணொண்ணா வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. இந்தச் சின்ன மேகத்துல சில நட்சத்திரங்க கூடும், குறையும், மறுபடி கூடும். அதுல பிரகாசமானது மெதுவா மாறும், மங்கலானது சீக்கிரமா மாறும்னு அவங்க கண்டுபிடிச்சாங்க. அதுக்கு அப்புறம்தான் தூரத்துல இருக்கிற நட்சத்திரக் கூட்டங்களை அளக்கவே ஒரு அளவுகோல் கிடைச்சது. உலகத்துக்கே அளவுகோல் குடுத்த மேகம் இது. நம்ம ஊர்லேருந்து பாத்தா அடிவானத்தை ஒட்டியே இருக்கும், தூசியிலயும் விளக்கு வெளிச்சத்துலயும் மறைஞ்சிடும். தெற்க போனாத்தான் நல்லா தெரியும். வாங்க, போகலாம். அக்கா, உருண்டையைச் சாய்ச்சு விடுங்க."

உருண்டை முனகிக்கொண்டே சாய்ந்தது. அதுவரை பார்த்திராத நட்சத்திரங்கள் மேலேறி வந்தன. பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"அதோ பெரிய மேகம். அதுக்குப் பக்கத்துல..." டீச்சரின் அம்புக்குறி நகர்ந்து நின்றது. அங்கே ஒன்றுமில்லை. கும்மிருட்டாக இருந்தது. "அக்கா, எல்லா சுவிட்சும் போட்டீங்களா?"

"போட்டிருக்கேன்மா" என்றாள் அண்ணி. அவள் குரல் சரியில்லை. இருட்டில் நான் திரும்பிப் பார்த்தேன். மேசை விளக்கின் வெளிச்சத்தில் அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

மேலாளர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உருண்டைக்கு வயசாயிடுச்சு. நல்லவேளை இப்பவே தெரிஞ்சது. வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துலேருந்து ஆய்வுப் பொறியாளர் வர்றார். வானத்துல ஒரு குறை இருந்தாலும் பழைய இயந்திரத்தைக் கழட்டிடலாம்னு உத்தரவு. அப்புறம் கம்ப்யூட்டர் பெட்டி வந்துடும். ஒரு பொத்தானை அமுக்கினா போதும், நானே அமுக்கிடுவேன்."

கம்ப்யூட்டர் பெட்டிக்குத் துடைக்க லென்ஸ் கிடையாது. அதற்கு அண்ணியும் தேவையில்லை. மேலாளர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த இருட்டில் அது எல்லாருக்கும் பளிச்சென்று தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் அண்ணி காய்கறிக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காய் எதையும் நறுக்காமல் நின்றாள். அண்ணன் வேனைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். நானும் அதே வீட்டு மாடியில்தான் இருக்கிறேன், காபி என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு இறங்கி வந்திருந்தேன்.

"பாப்பா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி உருண்டைக்கு அடியில ஒரு டேப் ஒட்டினோமே, ஞாபகம் இருக்கா?"

"என்ன டேப்பு?"

"நீதானே டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னே."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். உருண்டையின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் தடிமனில் தனியாக இரண்டு குழல்கள் உண்டு. இயந்திரத்தோடு வந்த கையேடு அண்ணி சேருவதற்கு முன்பே தொலைந்துபோய்விட்டது. எது எதற்கு என்று அவளே தொட்டுத் தடவித் தெரிந்துகொண்டவள். ஆறு வருடத்துக்கு முன், பெரிய பராமரிப்புக்காக உருண்டையைத் தலைகீழாகச் சாய்த்தபோது, ஒரு குழலைத் திறந்து பார்த்தாள். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி வில்லை. அதன் மேல் கரும்புகை படிந்தது போல ஒரு படலம், நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. யாராக இருந்தாலும் பூஞ்சை என்றுதான் சொல்வார்கள். அண்ணி ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தாள். லேசில் போகவில்லை. விடாமல் அரை மணி நேரம் தேய்த்தாள். முந்நூறு கோடி நட்சத்திரம், அரை மணி நேரம்.

மாட்டிவிட்டு விளக்கைப் போட்டால், கூரையில் காசு போல வட்டமாக ஒரு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இது பழுது பார்க்கிறவர்களுக்காக வைத்த விளக்கு போலிருக்கிறது, வெளிச்சம் கசிகிறது என்று இருவரும் கலந்து பேசி முடிவு செய்தோம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குழலின் வாயில் ஒட்டினோம். ஒட்டுங்க அண்ணி, யாருக்குத் தெரியப்போகுது என்று சொன்ன புண்ணியவதி நான்தான். இரண்டாவது குழலையும் திறக்கப் பார்த்தாள். அதன் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. பெரிய மேகம் பிழைத்தது அப்படித்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை நாடறியும். ஒரு நட்சத்திரக் கூட்டத்தையே ஓரங்குல டேப்பில் மறைத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

"வாயைத் திறக்காதீங்க அண்ணி. நுணலும் தன் வாயால கெடும்பாங்க. பல்பு போச்சுன்னு சொல்லிடலாம். யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றேன்.

"பல்பு போச்சுன்னா பழி உருண்டை மேலதானே விழும்? அது என்ன பாவம் பண்ணுச்சு? நான் துடைச்சதுக்கு அதைக் கழட்டுவாங்களா?" அவள் கண் கலங்கிவிட்டது. "அந்த அம்மா கண்ணாடியைப் பாத்துப் பாத்து அளவுகோல் கண்டுபிடிச்சாங்களாம். நானும் கண்ணாடியைத்தான் பாத்தேன். தேய்ச்சுத் தள்ளிட்டேன்."

அண்ணன் அதுவரை காபியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னா வேலை போகுமா?" என்று கேட்டான்.

"போகலாம்."

"சொல்லாட்டி?"

"உருண்டை போகும். அதோட வேலையும் போகும்."

"ரெண்டு ரோடும் ஒரே ஊருக்குத்தானே போகுது? அப்போ பள்ளம் இல்லாத ரோட்டுல போ" என்றான். டிரைவர் புத்தி.

புதன்கிழமை காலை அண்ணி மேலாளர் அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது. நான் என் ஜன்னலுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கட்டுகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். கூடப் போயிருக்க வேண்டியவள். போகவில்லை.

"ஆறு வருஷமாவா?" என்று மேலாளரின் குரல் கேட்டது. சுற்றறிக்கை வாசனையே இல்லாத குரல்.

"ஆமா சார்."

"உங்களால அதைச் சரி பண்ண முடியுமா?"

"தெரியாது சார். செஞ்சு பாக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐந்தாம் வகுப்புக் காட்சி. பொறியாளர் அதுக்குத்தான் வர்றார். அதுக்குள்ள அந்த மேகம் கூரையில இருக்கணும். இல்லாட்டி உருண்டையைக் கழட்டும்போது உங்க பேரையும் சேர்த்துக் கழட்டச் சொல்லி நானே எழுத வேண்டி வரும்மா. எனக்கு வேற வழியில்லை."

அண்ணி அங்கிருந்து நேராகப் பழைய கண்ணாடிக் கடைக்குப் போனாள். பழைய முதலாளி நகம் அளவுக்கு ஒரு டஜன் வில்லை வெட்டிக் கொடுத்துவிட்டு, இவ்வளவு சின்னதா இருக்கே, யாரு கண்ணுக்கு என்று கேட்டாராம்.

சொல்லிக் கேட்டால் எளிதான வேலைதான். மெழுகுவத்திச் சுடருக்கு மேலே கண்ணாடியைக் காட்டினால் கரி படியும். படிந்த கரியை நடுவில் மேகத்தின் வடிவத்துக்கு மெல்லியதாக்க வேண்டும். கரி மெல்லிசாக இருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் கசிந்து கூரையில் விழும். அதன் மேல் இன்னொரு வில்லையை வைத்து ஓரத்தை ஒட்டிவிட்டால் கரி அழியாது. டீச்சர் நிஜ மேகத்தின் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் சாய்த்து வைத்தார். ஒரு பக்கம் பருத்து, மறு பக்கம் இளைத்து, தலைப்பிரட்டை நீந்துவது போல ஒரு வடிவம். தூரிகை எல்லாம் முரட்டுத்தனமாக இருந்ததால், என் கைப்பையிலிருந்த கண்மைப் பிரஷ் அதோடு தியாகியானது. புதிதாக வாங்கியது. நான் முணுமுணுக்கவில்லை, செய்த பாவத்துக்கு அதாவது போகட்டும்.

முதல் வில்லை கூரையில் முட்டை போல விழுந்தது. இரண்டாவது டியூப் லைட். மூன்றாவதைப் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்றுதான் சொல்ல வேண்டும், நிஜமாகவே குரங்கு போல வாலோடு இருந்தது. வடிவம் பிடிபட்ட பிறகும் ஆறு வில்லை வீணாயிற்று. காரணம் அண்ணியின் கைதான். இருபத்து மூன்று வருடமாகக் கண்ணாடியைத் தெளிவாக்கியே பழகிய கை. கொஞ்சம் மெல்லிசாக்கு என்றால் பளிச்சென்று ஆக்கிவிட்டுத்தான் நிற்கும்.

"இன்னும் மங்கலா அக்கா" என்பார் டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டே.

"இன்னுமா? இதுக்கு மேல மங்கினா ஒண்ணுமே தெரியாதேம்மா."

"அதான் அக்கா. தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கணும். வெளியில அது நிஜமாவே அப்படித்தான் இருக்கு."

அண்ணி பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி மெழுகுவத்தியை ஏற்றுவாள். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. நான் டப்பாவைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அதிசயமாக, டப்பாவின் மேல் இருந்த என் கைரேகையை அவள் துடைக்கவில்லை. அவ்வளவு மும்முரம். நான்கு மணிக்குப் பத்தாவது வில்லை. குழலில் மாட்டி விளக்கைப் போட்டாள். கூரையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போச்சுடா என்று நினைத்தேன். டீச்சர் மட்டும் தலையைச் சற்றுத் திருப்பிக் கூரையையே பார்த்தார். பிறகு எழுந்து வந்து அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இதைத் தொடாதீங்க. இனிமே இதைத் தொடவே தொடாதீங்க."

வெள்ளிக்கிழமை தொண்ணூறு பிள்ளைகள் வந்தார்கள். வரிசையில் வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் சிந்திய கடுகாக ஓடினார்கள். பொறியாளர் தாமதம். அவருக்காகக் காத்திருக்கக் கூடாது என்று டீச்சர் ஆரம்பித்துவிட்டார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்க் கதவோரம் நின்றேன்.

உருண்டை சாய்ந்து தெற்கு வானம் ஏறிவந்த சமயம் பார்த்துக் கதவு திறந்தது. வெளி வெயிலோடு ஓர் ஒல்லியான மனிதர் கைப்பையும் படிவமுமாக உள்ளே வந்து, தடவித் தடவி ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். மேலாளர் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார்.

"இப்போ சின்ன மேகத்தைத் தேடப் போறோம். அது ரொம்பக் கூச்ச சுபாவம். நேரா முறைச்சுப் பாத்தா தெரியாது. அதுக்குப் பக்கத்து இடத்தைப் பாக்கிற மாதிரி பாசாங்கு பண்ணுங்க. ஓரக்கண்ணுல வந்து நிக்கும். மங்கலான நட்சத்திரங்களைப் பாக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் பாப்பாங்க" என்றார் டீச்சர்.

அரங்கம் அடங்கியது.

"எங்க இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றது பொறியாளரின் குரல். படிவத்தைப் புரட்டுகிற சத்தமும் கேட்டது.

"அதோ! புகை மாதிரி!" என்று நடு வரிசையில் ஒரு குரல்.

"எங்கடி?"

"அங்க இல்ல, பெருசுக்கு இந்தப் பக்கம். நேரா பாக்காத!"

பிறகு ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். தெரியுது, தெரியுது, எனக்கும் தெரியுது. ஒரு பையன் அங்கே பள்ளிக்கூடம் இருக்குமா என்று கேட்டான். இருந்தா லீவு விட்டிருப்பாங்களா என்று இன்னொருவன் கேட்டான். பொறியாளருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த சிறுமி அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அங்கிள், நீங்க வெயில்லேருந்து வந்திருக்கீங்க. கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் சொன்னபடி செய்தார். கண்ணை மூடினார், திறந்தார், தலையைச் சற்றுத் திருப்பினார். படிவம் மடியில் இறங்கியது.

"அட, ஆமா" என்றார்.

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது வில்லையை வீணாக்கி, என் கண்மைப் பிரஷைப் பலிவாங்கி, சின்னதாக, மங்கலாக, அழகாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

பிள்ளைகள் போன பிறகு பொறியாளர் விளக்கைப் போடச் சொல்லி, உருண்டையின் அடியில் முழங்காலிட்டுக் குழலைத் திறந்தார். வில்லையை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். "இது கம்பெனிக் கண்ணாடி இல்லையே. யாரு போட்டது?"

மேலாளர் இருமினார். பேசாதே என்கிற இருமல் அது, மூன்று தரம் இருமினார். அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை.

"நான்தான் சார். பழசை நானே துடைச்சுட்டேன். பூஞ்சைன்னு நினைச்சு ஸ்பிரிட் போட்டுத் தேய்ச்சுட்டேன். வெளிச்சம் கசியுதுன்னு மேல டேப்பும் ஒட்டினேன். ஆறு வருஷமா அது டேப்புக்கு அடியிலதான் இருந்துச்சு. உருண்டை மேல ஒரு குறையும் இல்லை சார். எழுதுறதுன்னா என் மேல எழுதுங்க."

"டார்ச் பிடிச்சது நான் சார்" என்றேன். எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று எனக்கே தெரியாது. "ஒட்டச் சொன்னதும் நான்தான்."

பொறியாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதே உருண்டை பதினோரு ஊர்ல இருக்கும்மா. நான்தான் எல்லாத்தையும் போய்ப் பாக்கிறேன். ஏழு ஊர்ல இந்தக் குழல் மேல கறுப்பு டேப்பு ஒட்டியிருக்கு. கேட்டா பல்பு போச்சுங்கிறாங்க, வரும்போதே இப்படித்தான் வந்ததுங்கிறாங்க, மழைத்தண்ணி இறங்கிடுச்சுங்கிறாங்க. நானும் இயந்திரக் கோளாறுன்னு எழுதி எழுதி, கழட்டுங்கன்னு சிபாரிசு பண்ணிட்டு இருந்தேன், நல்லவேளை இன்னும் எதையும் கழட்டலை. துடைச்சேன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்."

"பெரிய மேகம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு எல்லா ஊர்லயும் திருகு இறுகிக் கிடக்கு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏழு ஊர்! ஏழு ஊரிலும் ஏழு அண்ணிகள் ஸ்பிரிட்டும் துணியுமாக! மேலாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பொறியாளரும் சிரித்தார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏழு ஊர்லயுமா சார்?" என்றாள். "அப்போ அங்க வந்துட்டுப் போற பிள்ளைங்க எல்லாம், அந்த இடத்துல ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சுக்கிட்டுத்தானே போகும்?"

சிரிப்பு நின்றது. பொறியாளர் வில்லையைப் பத்திரமாகக் குழலில் வைத்து மூடினார். படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்து, வானம் முழுமையாக உள்ளது, இயந்திரம் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமலே அண்ணியை நிமிர்ந்து பார்த்தார்.

"இதே மாதிரி இன்னும் ஏழு செஞ்சு குடுப்பீங்களாம்மா? ஆள் வச்சு ஒவ்வொரு ஊருக்கும் அனுப்பிடலாம்."

"செஞ்சு தரேன் சார்" என்றாள் அண்ணி. "ஆனா அனுப்ப வேண்டாம், நானே கொண்டுபோய் மாட்டணும். சும்மா அனுப்பினா அங்க யாராவது துடைச்சுடுவாங்க."